பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை

இரண்டு வருடங்களுக்கு முன், சோளகக் காற்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் புழுதியையெல்லாம் கிளப்பி ஆட்களின் கண்ணில் போட்டுக்கொண்டிருந்த ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், நெல்லியடிச் சந்தியில் வைத்து என் வலது கால் முறிந்தது.

மூன்று கிழமை விடுமுறையில் நோர்வேயிலிருந்து வந்திருந்தேன். வந்தது பிறந்த இடத்துக்குத்தான். ஆனாலும் விமான நிலையத்தில் வேறொரு நாட்டின் கடவுச்சீட்டை நீட்டி, வெளிநாட்டவர் வரிசையில் நின்று, ஒரு மாதத்துக்கு விசா வாங்கி உள்ளே வந்தவள் நான். பயணக் காப்புறுதியும் எடுத்திருந்தேன். என் மொழி பேசுகிற ஊருக்குப் போக எதற்கு அது என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. அங்கே எங்கே புறப்பட்டாலும் எடுப்போம், எடுத்தேன்.

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. இருபத்தெட்டு வருடத்தில் நான்கு நகரம் மாறிவிட்டேன். ஊருக்கு வந்தும் கால் ஓயவில்லை. வட்டுக்கோட்டையில் சித்தியின் வீடு பூட்டிக் கிடந்தது. சித்தி கனடாவில். திறப்பு பக்கத்து வீட்டில். அந்த வீட்டில் படுக்கிறதும் எழும்பி ஓடுகிறதும்தான் என் விடுமுறை. அன்றைக்கும் காலையில் அரியாலைக்குப் போய்க் கடல்நீரேரிக் கரையில் கால் மணி நேரம் நின்றேன். நீர் அசையாமல் கிடந்தது. அது பொறுக்காமல் பஸ் ஏறி நெல்லியடிக்குப் போனேன். நெல்லியடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

எங்கள் மினிபஸ்கள் நிற்பதில்லை. நிற்பதுபோல ஒரு பாவனை செய்யும். அந்தப் பாவனைக்குள் இறங்கிவிட வேண்டும், அதுவும் பஸ் ஓடுகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகிற பெண்ணுக்கும் தெரியும். ஒரு காலத்தில் எனக்கும் தெரிந்திருந்தது. கடைசி ஆள் இறங்கி முடியும்வரை படியைத் தாழ்த்திக்கொண்டு காத்து நிற்கிற பேருந்துகளில் போய்ப் போய் என் கால் அதை மறந்துவிட்டது. கைபிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி, ஒரு காலை மெல்லக் கீழே வைத்தேன். பஸ் போனது. கால் அங்கேயே நின்றது. காய்ந்த மட்டை ஒன்று முறிகிற சத்தம்தான். அது எனக்குள்ளிருந்து வந்தது என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

மத்தியானம் கடந்து, அம்புலன்சில் ஏற்றி, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிவு. வீக்கம் வற்றக் கட்டுப் போடுவோம், அதுவரை காலை அசைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். கொப்பியில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்த தாதி நிமிராமலே கேட்டா:

"ஆர் உங்களோடை நிக்கிறது?"

எங்கள் ஆஸ்பத்திரிகளில் வருத்தக்காரரோடு ஒருவர் நிற்க வேண்டும். மருந்து வாங்க, தண்ணீர் பிடிக்க, படுக்கையில் இருந்தபடி மலசலம் போக உதவி செய்ய ஓர் ஆள். குடும்பம் என்று ஒன்று இருந்தால் அந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் கையை உயர்த்துவார்கள். எனக்குக் கனடாவில் தம்பி, லண்டனில் அக்கா, ஒஸ்லோவில் மகன். தொலைபேசியில் எல்லோரும் நிற்பார்கள். கட்டிலடியில் நிற்க ஒருவரும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வாட்டு வாசலில் இருந்த தண்ணீர்க் குழாயில் ஒரு பெண் போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்து, உப்புக் காற்றில் செம்பட்டை பாய்ந்த தலைமுடி. போத்தலை மூடிக்கொண்டே சொன்னாள்:

"நான் நிக்கிறன், மிஸ்."

தாதி அவளைப் பார்த்தா. பிறகு என் கத்தரித்த தலைமுடியையும் கண்ணாடியையும் பார்த்தா. நீங்கள் ஆர் என்று கேட்டா. தங்கச்சி என்றாள் அவள்.

"கூடப்பிறந்த தங்கச்சியோ?"

"ஓம். அக்காவை வெளிநாட்டிலை வெளுத்துப் போட்டினம். அதுதான் உங்களுக்குப் பிடிபடேல்லை."

பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன. தாதிக்கும் சிரிப்பு வந்தது. எழுதிக்கொண்டா. அப்படித்தான் எனக்கு அன்று பின்னேரம் ஒரு தங்கச்சி கிடைத்தாள்.

பருத்தித்துறைக்கு அப்பால் ஒரு கரையோர ஊர் அவளுடையது. கணவர் கடற்றொழிலாளி. இருதயக் கோளாறினால் நெஞ்சுக்குள் நீர் கோத்து, பதினொரு நாளாக ஆண்கள் வாட்டில் கிடந்தார். ஆண்கள் வாட்டில் பெண்கள் நிற்க முடியாது என்பதால் கணவரின் தம்பி அவரோடு நின்றார். அவளுக்குக் கணவரைப் பார்க்கக் கிடைப்பது பார்வையாளர் நேரத்தில் மட்டும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை, பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரை. மிச்ச நேரமெல்லாம் நடைபாதைகளிலும் வேப்பமரத்தடியிலும் கழியும். மகளை மச்சாள் வீட்டில் விட்டுவிட்டு, விடிய ஸ்கூட்டியில் வந்தால் இருட்டுகிற நேரம்தான் திரும்பிப் போவாள்.

"சும்மா குந்தியிருந்தா மணிக்கூடு நகருதில்லை, அக்கா. உங்களோடை நிண்டா அதாவது நகரும்" என்றாள்.

அவள் எனக்குச் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விட அதைவிட வெட்கம். ஐம்பதை நெருங்குகிற என்னை ஒரு குழந்தையைப்போலத் தூக்கி, துடைத்து, உடை மாற்றிவிட்டாள். நான் நோர்வேயில் வயோதிபர் இல்லத்தில் இதே வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு, நேரம் பார்த்துச் செய்கிறவள். அவள் கையுறை போடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, வெளிநாட்டுக் கால் என்று அந்த பஸ்ஸுக்குத் தெரியாமல் போச்சே என்று எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பாள். எனக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவளிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் சுடுதண்ணீர்ப் போத்தல், துவாய், சீப்பு, பழைய கடதாசியில் சுற்றிய ஒரு ரேசர். இது எதற்கு என்று கேட்டேன். கணவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள்தான் முகம் வழித்துவிடுவாளாம். ஆள் கடலுக்குப் போகிற நாளிலும் முகம் வழித்துவிட்டுத்தான் போவாராம். தாடியோடு போனால் மீன் பயந்து ஓடிவிடும் என்று பகிடி விடுவாராம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் நன்றாகக் கதைத்திருக்கிறார். நாடியைத் தடவிக் காட்டி, நாளைக்கு மத்தியானம் மறக்காமல் வழித்துவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது. இத்தனை நாளில் அவராகக் கேட்ட முதல் விசயம் அது.

மறுநாள் புதன்கிழமை. காலை பத்து மணியிருக்கும். காப்புறுதிக் கம்பனியிடமிருந்து என் கைத்தொலைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டுமென்றால் கடவுச்சீட்டின் படத்தை இயன்ற விரைவில் அனுப்பவும். இயன்ற விரைவில் என்றால் அவர்களுக்கு அது ஒரு வழக்கமான வாசகம். நாளைக்கு அனுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிராது. ஆனால் கடிதம் வந்த கையோடு பதில் போடாவிட்டால் ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டுவிடும் என்ற பயத்தில் பாதி வாழ்க்கையை வாழ்ந்தவள் நான். தவிர, உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த வாட்டின் வெக்கையும் சத்தமும் எனக்குப் போதும் என்று ஆகியிருந்தது. ஏசி அறையும் வெள்ளைத் திரையும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

கடவுச்சீட்டு வட்டுக்கோட்டை வீட்டில் இருந்தது. ஒருக்கால் போய் எடுத்துக்கொண்டு வருவீரோ என்று அவளிடம் கேட்டேன்.

அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து மணி பத்து நிமிடம். அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும் விளங்காதமாதிரிக் கிடந்தேன்.

"ஓம், அக்கா. பன்னிரண்டுக்கு முதல் வந்திடுவன். அவருக்கு முகம் வழிக்க வேணும்" என்றாள்.

பக்கத்து வீட்டில் திறப்பை வாங்கும், பெட்டியின் உள்பை, சிப்பு இழுத்துத் திறக்கிற இடம் என்று சொல்லி அனுப்பினேன். துணிப்பையைச் சுமந்துகொண்டு எதற்கு என்று என் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள். போட்டு வாறன் என்றாள். போனாள்.

அவள் போய்ச் சிறிது நேரத்தில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டுப் போடுகிற அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கைத்தொலைபேசி தலையணைக்குக் கீழே கிடந்தது. கட்டின் சாந்து காய்ந்து, திரும்பக் கட்டிலுக்கு வந்தபோது மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் அவளுடையவை. திருப்பி எடுத்துப் பார்த்தேன், மணி அடித்து ஓய்ந்தது. ஸ்கூட்டியில் வந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

அதற்குள் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் ஆட்கள் வெள்ளம்போல உள்ளே வந்திருந்தார்கள். சோற்றுப் பாத்திரங்கள், தோடம்பழங்கள், கைக்குழந்தைகள். எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆட்கள். என் கட்டிலுக்குக் கீழே ஒரு துணிப்பை. அது அங்கே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்குள் ஒரு ரேசர் இருக்கிறது என்பதும், அடுத்த கட்டிடத்தில் ஒருவர் நாடியைத் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் என் மனதில் திரும்பத் திரும்ப வந்தது என் கடவுச்சீட்டுத்தான். தொலைந்துபோயிருந்தால் என்ன செய்வது, தூதரகம் கொழும்பில் எங்கே இருக்கிறது. இதையெல்லாம்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மணிக்கு மணி அடித்து ஆட்களை வெளியே அனுப்பினார்கள். ஒன்று பத்துக்கு அவள் வந்தாள். பின்வழியால் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. முகமெல்லாம் செம்புழுதி. கடவுச்சீட்டைச் சேலைத் தலைப்பில் துடைத்து என் கையில் வைத்தாள்.

நான் நன்றி சொல்லவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்ன இடத்திலை இல்லை, அக்கா. போன் எடுத்துப் பாத்தன், நீங்கள் தூக்கேல்லை. விட்டிட்டு வர மனம் வரேல்லை. கடைசியிலை அலுமாரி லாச்சிக்குள்ளை, உடுப்புக்குக் கீழை கிடந்தது."

வந்த முதல் நாளே பாதுகாப்புக்கு என்று நான்தான் அதை அலுமாரிக்கு மாற்றியிருந்தேன். மறந்துபோனேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் வெறுமையாயிற்று, நீர் வற்றிய தரவை வெளிபோல. பிறகு குனிந்து பையை இழுத்து எடுத்தாள். போட்டு வாறன் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் அவள் வரவில்லை. நானும், ஐந்து மணிக்குக் கணவரைப் பார்க்கப் போயிருப்பாள், அதுதான் நேரம் சென்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நோவுக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில் கடவுச்சீட்டைப் படம்கூட எடுத்து அனுப்பாமல் தூங்கிப்போனேன்.

வியாழக்கிழமை காலை பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னா. "உங்களோடை நிண்ட பிள்ளையின்ரை மனிசன் விடியப்புறம் செத்துப்போச்சாம்."

அப்போது என் கையில் கைத்தொலைபேசி இருந்தது. காப்புறுதிக் கம்பனி மறுபடி எழுதியிருந்தது. படம் இன்னும் கிடைக்கவில்லை என்று. இயந்திரம்போலப் படங்கள் இருக்கிற இடத்தைத் திறந்தேன். விரல் மேலும் கீழும் போனது. தை மாதத்துப் படங்களுக்கு நடுவே, பனி மூடிய சாளரத்துக்கும் மகனின் பிறந்தநாள் கேக்குக்கும் இடையில், அது இருந்தது. என் கடவுச்சீட்டு. விமானச் சீட்டு வாங்குவதற்காக நானே எடுத்த படம். அதே பக்கம், அதே இலக்கம், தெளிவாக.

புதன்கிழமை முழுவதும் அது என் தலையணைக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு விட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரி, ஏசி அறை எதுவும் நினைவில் வரவில்லை. ஓட்டோவுக்குள் காலை நீட்டி வைத்து, ஊன்றுகோல்களைப் பக்கத்தில் சாத்தி, நேரே அவளுடைய ஊருக்குப் போகச் சொன்னேன். வழி முழுவதும் ஒரே வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். தங்கச்சி, படம் என்னிடமே இருந்தது. நீர் போயிருக்கத் தேவையில்லை. இதை அவளிடம் சொல்லாமல் திரும்பக்கூடாது.

கரையில் வள்ளங்கள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஊரில் ஒருவர் போனால் பிணம் எடுக்கும்வரை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. பறை கேட்ட பக்கம் ஓட்டோ திரும்பியது. வெள்ளை கட்டிய ஒழுங்கை, வாழை நட்ட படலை வாசல். முற்றத்தில் பந்தலுக்குக் கீழே அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் அவரை உயிரோடு கண்டதில்லை. நல்ல முகம். முகம் வழித்திருந்தது. நாடியில் ஒரு சின்ன வெட்டு. அதில் இரத்தம் இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து போட்டார் கணவரின் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவராகவே சொன்னார், குற்றம் சொல்கிற குரலில் அல்ல, நடந்ததை நடந்தபடி. புதன்கிழமை மத்தியானம் அண்ணைக்கு நல்ல அறிவு இருந்ததாம். எழும்பி இருந்தாராம். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்ததிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"உன்ரை அண்ணி வந்திட்டாளோ, வந்திட்டாளோ எண்டு நாலைஞ்சு தரம் கேட்டவர். கண்ணாடி கேட்டு வாங்கி முகத்தைப் பாத்தவர். ஒரு மணி அடிக்க, சரி, பின்னேரம் வழிப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தார். பிறகு கதைக்கேல்லை."

ஒன்று பத்துக்குப் பிறகு அவள் ஆண்கள் வாட்டு வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்று காவலாளி சொல்லியிருக்கிறார். வேப்பமரத்துக்குக் கீழே ஐந்து மணிவரை பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு உள்ளே போனபோது அவருக்கு மூச்சு விடக் குழாய் மாட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. முகம் வழிக்க இடமில்லை.

அவள் பெண்களுக்கு நடுவே நிலத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"நோகுதோ, அக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு முன்னால், நான் கொண்டுவந்த வசனத்தை எப்படி எடுத்து வைப்பது? ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் படலைவரை ஓடி, நிலத்தில் விழுந்து அழுதார்கள். அதற்கு அப்பால் பெண்கள் போவதில்லை. பறைச் சத்தம் தூரத் தூரப் போய், கடைசியில் அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. சோளகம் பந்தல் துணியை அடித்துக்கொண்டிருந்தது. அவள் படலைத் தூணில் சாய்ந்து இருந்தாள்.

ஓட்டோக்காரர் வெளியே காத்து நின்றார். நான் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி, அவளிடம் போய்க் குனிந்து, கையைப் பிடித்தேன். சொல்ல வந்தது ஒன்று. வாய் சொன்னது வேறொன்று.

"போட்டு வாறன், தங்கச்சி."

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

செத்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. வந்தவர்கள் சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். வாறன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். மற்ற எந்த வீட்டிலும் போறன் என்று சொன்னால் பிழை, வாறன் என்றுதான் சொல்லவேண்டும். சாவு வீட்டில் மட்டும் இரண்டும் இல்லை. எங்கள் வேதக்கார வீட்டில் ஜெபம் முடிய எல்லோருக்கும் கைகொடுத்து, சொல்லிக்கொண்டுதான் வெளிக்கிடுவோம். ஆனால் அது சாட்டு. வட்டுக்கோட்டையில் சைவ வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து எந்தப் பக்கம் பார்த்து இறங்குவது என்று என் கால் மறந்ததைப்போல, எங்கே எதைச் சொல்லக்கூடாது என்பதை என் நாக்கும் மறந்துவிட்டது.

"இதென்ன கதை, செத்த வீட்டிலை" என்று ஒரு பெண் முகத்தைச் சுளித்தா. இன்னொருத்தி, வெளியிலை இருந்து வந்த ஆட்கள், அவைக்கு என்ன தெரியும் என்றாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது.

அவள் தூணிலிருந்து தலையை எடுத்தாள். என் கையை விடவில்லை.

"என்னட்டைத்தானே வாறன் எண்டவ. வரட்டும்" என்று அந்தப் பெண்களுக்குச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஓம், அக்கா. வாங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எப்படி நோர்வேக்குத் திரும்பிப் போவது? எலும்பு பொருந்தும்வரை விமானப் பயணம் வேண்டாம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். விசாவை நீட்டினேன், வேலைக்கு அறிவித்தேன். வட்டுக்கோட்டை வீட்டின் விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஓரிடத்தில் ஒரு மாதம் இருந்தேன். ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டு மணியாகும்போது வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு மணிவரை எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு முகத்தை வழித்து, துடைத்து, கண்ணாடி காட்டி, பகிடி ஒன்று விட்டு, அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கிற அளவு நீளம்.

முப்பத்தோராம் நாள் அவருடைய அந்தியேட்டிச் சடங்குக்குப் போனேன். ஆண்கள் காலையில் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்திருந்த அவருடைய வள்ளத்தின் நிழலில் இருவரும் இருந்தோம். நான் கைத்தொலைபேசியைத் திறந்து, அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நீண்ட நேரம் படத்தைப் பார்த்தாள். கடல் அன்று நல்ல அமைதி.

"இதிலை வடிவா இருக்கிறியள், அக்கா" என்றாள். பிறகு தொலைபேசியைத் திருப்பித் தந்தாள். அது தெரிந்திருந்தாலும் கணவர் போயிருப்பார்தான் என்றாள். ஆள் தப்பாது என்று டொக்டர் செவ்வாய்க்கிழமையே கணவரின் தம்பியிடம் சொல்லிவிட்டாராம். அவளுக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள் என்று நினைத்து நான் தலையைக் குனிந்தேன். அவள் முடிக்கவில்லை.

"நீங்கள் கேட்டிராட்டில் நான் என்ன செய்திருப்பன்? பன்னிரண்டு மணிக்கு உள்ளை போயிருப்பன். முகத்தை வழிச்சு விட்டிருப்பன். அவ்வளவுதான், அக்கா." வள்ளத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "அந்த அவ்வளவு எனக்கு வேணும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் தந்துவிடுவாள். அது எனக்குத் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

வெளிக்கிடும் நேரம் வந்தது. ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு, சொல்லாமலே போய்விடலாம் என்று படலையை நோக்கித் திரும்பினேன்.

"சொல்லிப்போட்டுப் போங்கோ, அக்கா. இனிச் சொல்லலாம்" என்றாள்.

சொன்னேன். ஓம் என்றாள்.

என் கால் பொருந்திவிட்டது. குளிர் கூடுகிற நாளில் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஒரு நூல் இழுப்பதுபோல நோகும். பிறகு வந்த இரண்டு சித்திரையிலும் போனேன், அடுத்த வருடமும் போவேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் காலைப் பார்த்துத்தான் முதலில் கேட்பாள். ஒன்றை மட்டும் இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் ஓர் உதவி கேட்க வாய் எடுக்கும்போது, அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்களா என்று பார்க்கிறேன். பார்த்தால், கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, இந்த நேரத்தில் நீங்கள் யாரோடு நிற்க வேண்டியவரோ, அங்கே போங்கள் என்று சொல்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம், பின்னேரம் வழிப்பம் என்று சொல்லிவிட்டுப் படுத்த, நான் உயிரோடு காணாத ஒரு மனிதரின் முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.